சோப்பு டப்பாவின் நீல விளக்கு

எலி பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. இருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வாசலில் ஒரு கணம் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

ஃபிரிட்ஜ் உறுமியது. குழாய் சொட்டியது. அவ்வளவுதான்.

எலி என்பது அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. ரொட்டியின் ஓரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிக் கொறித்துவிட்டு, நடுவில் இருப்பதைத் தட்டிலேயே விட்டுவிடுவாள். ரொட்டி சுடுகிறவரின் மகள் இப்படிச் செய்யலாமா என்று அம்மாதான் அந்தப் பெயரை வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அலமாரியின் மேல் ஒரு மஞ்சள் சோப்பு டப்பா இருந்தது. அதன் மூடியில் ஒரு பொத்தான். பக்கத்தில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் நீல வெளிச்சம் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. டப்பாவிலிருந்து ஓர் ஒயர் கிளம்பி, பக்கத்தில் இருந்த காலி ஜாம் பாட்டிலுக்குள் போனது. பாட்டிலுக்குள் ஒரு குட்டி பல்பு.

எலி பையைக்கூட இறக்காமல் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"வந்துட்டேன்," என்று டப்பாவிடம் சொல்லிவிட்டுப் பையை இறக்கினாள்.

முன்பெல்லாம் நடக்கும்.

அம்மா, எடை காட்டும் மின்தராசு செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். தராசுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைகளுக்குப் புரோகிராம் எழுதுவதுதான் அவர் வேலை. அப்பாவுக்குக் கடைத்தெரு பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்நேரமும் இரண்டு கையிலும் மாவு. போன் அடித்தால் எடுக்க முடியாது. பிள்ளை பள்ளியிலிருந்து வீடு வந்து சேர்ந்தாளா இல்லையா என்று தெரியாமல் தவித்துப்போவார். ஒருநாள் அந்தத் தவிப்பில் ஒரு தட்டு பன் கரியாகவே ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா பிஸ்கட் அளவில் இரண்டு பலகைகள் வாங்கிவந்தார்.

"பார்க்கத்தான் பொடிசு," என்றார். "இதுக்குள்ள ஒரு மூளை இருக்கு. ஒயர் இல்லாமலே வைஃபையைப் பிடிச்சுக்கிட்டு, எவ்வளவு தூரத்துல இருக்கறவங்ககிட்டயும் பேசும்."

ஒன்று வீட்டில், சோப்பு டப்பாவுக்குள். இன்னொன்று பேக்கரியில், அங்கே உள்ள வைஃபையோடு, அடுப்புக்கு மேல் சுவரில் பதித்திருந்த தட்டில். இங்கே எலி பொத்தானை அழுத்தினால் அங்கே ஒரு ஜாம் பாட்டில் எரியும். பிள்ளை வந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்பா முழங்கையால் அங்கிருக்கும் பொத்தானை ஓர் இடி இடிப்பார். இங்கே பாட்டில் எரியும். சரி, தெரிந்துகொண்டேன் என்று அர்த்தம்.

"ஏம்மா முழங்கை?" என்று எலி அப்போது கேட்டாள்.

"கையெல்லாம் மாவுல்ல? மூக்கால அழுத்தச் சொல்லலாம்னுதான் பார்த்தேன். உங்கப்பாவுக்கு மூக்கு சப்பை," என்றார் அம்மா.

பிறகு அம்மா இறந்துபோனார். உறவினர்கள் எல்லாரும் வந்து, இருந்து, ஊருக்குக் கிளம்பிப்போன வாரத்தில் விளக்கும் நின்றுபோனது. அம்மாவோடு அதுவும் போய்விட்டது என்று எலி நினைத்துக்கொண்டாள். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இப்போது யாரும் எதைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை.

இருட்டுவதற்கு முன் அப்பா வந்தார். சட்டையெல்லாம் ரொட்டி வாசம்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"ஹோம்வொர்க்?"

"ம்."

"சரி."

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பேச்சு வந்தது.

"நாளன்னிக்கு பேக்கரிக்குப் புது அடுப்பு வருது," என்றார் அப்பா.

"பெரிசாப்பா?"

"பெரிசு. மேல இருக்கற தட்டைப் பெயர்த்தாத்தான் உள்ள நுழையுமாம்."

எலி தட்டிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நம்ம விளக்கு?"

"கழட்டி எடுத்துட்டு வந்துடறேன். எப்படியும் எரியறதில்லையே."

"எங்க வைப்பீங்க?"

"அட்டைப்பெட்டியில வச்சிடலாம். வீட்ல இருக்கறதையும் சேர்த்து."

எந்த அட்டைப்பெட்டி என்று எலிக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், நீலக் குடை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உள்ளே போன எதுவும் இதுவரை வெளியே வந்ததில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் எலி வீட்டுக்கு வந்து, சோப்பு டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். அங்கே செல்போன் பழுது பார்க்கும் கடை இருந்தது. கடை நடத்துகிறவரைத் தெருவில் எல்லாரும் ரிப்பேர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரிப்பேர் அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தார். "அட, நல்லாத்தான் இருக்கு. யாரு செஞ்சது?"

"எங்கம்மா."

அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் பலகையை ஒயரால் தன் கம்ப்யூட்டரில் இணைத்தார். திரையில் ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"என்னக்கா இது?"

"பலகைல ஒரு குத்தமும் இல்ல. வைஃபையைத் தேடுது. ஒவ்வொரு தடவை தேடிப் பார்த்துக் கிடைக்கலைன்னாலும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லி உங்கம்மா எழுதியிருக்காங்க. எத்தனை நாளா இப்படிப் புள்ளி வச்சுக்கிட்டே இருக்கோ, பாவம்."

புள்ளிகள் ஒரு வரியை நிரப்பி அடுத்த வரிக்கு இறங்கின.

இத்தனை நாளும் அது செத்துவிட்டது என்று எலி நினைத்திருந்தாள். அது தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

"எந்த வைஃபையைத் தேடுது?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்குது. உங்கம்மா எழுதினது வேற எங்கயாவது இருக்கா?"

"அம்மா லேப்டாப்ல இருந்துச்சு. அது கம்பெனியோடது. திருப்பி வாங்கிட்டாங்க."

"அப்ப ஒரு வழிதான் இருக்கு. இதுல இருக்கறதை அழிச்சிட்டு நான் புதுசா எழுதித் தரேன். பேக்கரியில இருக்கறதையும் கொண்டு வா. சின்ன வேலைதான்."

"அழிச்சா அம்மா எழுதினது?"

"போயிடும்மா."

எலி கையை நீட்டினாள். "குடுத்துடுங்கக்கா. வேண்டாம்."

ரிப்பேர் அக்கா டப்பாவை மூடி, அவரே துண்டில் சுற்றிக் கொடுத்தார். "எதைத் தேடுதுன்னு நீ கண்டுபிடிச்சா எனக்கு இங்க வேலையே இல்ல," என்றார். "வந்த கிராக்கியும் போச்சு."

எலிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அக்கா சிரிக்கவைக்கப் பார்த்தது புரிந்தது.

மாடிப்படியில் சோடா எதிரே வந்தான். அவன் மூக்குக்கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் போல் கனமாக இருக்கும். கீழ் வீட்டுக்காரன், அவள் வகுப்புதான். முன்பு தினமும் மேலே வந்துவிடுவான். இப்போது எலியைப் பார்த்தாலே குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிடுகிறான்.

இன்றும் குனிந்தான்.

"செருப்புல ஏதுடா லேஸ்?" என்றாள் எலி.

சோடா காலைப் பார்த்தான். செருப்புதான். மெதுவாக நிமிர்ந்தான்.

"எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல," என்றான். "அவகிட்ட எதையாவது உளறி வைக்காதேன்னு எங்கம்மா சொன்னாங்க. எனக்கு உளறாம பேச வராது. அதான்."

"பரவால்ல, உளறு."

"நிஜமாவா?"

"எங்க வீட்ல பேச ஆளே இல்லடா."

சோடா மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டான். உள்ளே ஓடிப்போய்த் தன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியேறினான்.

எலி டப்பாவை அலமாரியில் வைத்து இணைத்தாள். நீல விளக்கு மறுபடியும் மினுக்க ஆரம்பித்தது. சோடா தரையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் தட்டினான். மறுபடியும் தட்டினான்.

"என்ன எலி, உங்க வீட்டு வைஃபையைக் காணோம்? முன்னெல்லாம் பாதிப் படியிலேயே பிடிச்சுக்குமே."

"அப்பா பேரை மாத்திட்டார். இப்ப வெறும் நம்பர்."

"அச்சச்சோ. அந்தப் பேரு எவ்வளவு நல்லா இருக்கும்."

அந்தப் பேரை வைத்தவர் அம்மா. பேக்கரியிலிருந்து வருகிற அப்பா, மண்ணிலிருந்து வருகிற எலி, எங்கிருந்தோ வருகிற சோடா, யாராக இருந்தாலும் கை கழுவாமல் போனைத் தொடுவார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், வைஃபைக்கே 'முதல்ல கை கழுவு' என்று பெயர் வைத்துவிட்டார். பாஸ்வேர்ட், 'கழுவிட்டேன்'. இரண்டையும் ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகளில் சேர்த்து அடிக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது எலியின் வேலை. ஒரு மாமா மட்டும் கடைசிவரை நம்பவே இல்லை. "கழுவினது சரிம்மா, பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என் டேப் பாவம், இன்னும் அந்தப் பேரை மறக்கல," என்றான் சோடா. "இதோ பாரு, ஞாபகம் வச்சிருக்கு. புதுப் பேரு பக்கத்துலயே இருக்கு, ஆனா அதைச் சீண்ட மாட்டேங்குது. பழசையேதான் தேடுது."

எலி டேப்லெட்டைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். மறுபடி டேப்லெட்டைப் பார்த்தாள்.

"சோடா," என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவை சொல்லு."

"எதை? நான் உளறினதையா?"

"பழசையேதான் தேடுது."

சோடாவுக்கும் புரிந்துவிட்டது. இருவரும் சேர்ந்து நீல விளக்கைப் பார்த்தார்கள். அம்மா அந்தப் பலகைக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வீட்டின் பெயர். அந்தப் பெயரை அப்பா மாற்றிவிட்டார். அன்றிலிருந்து அது தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தன் வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது.

"பலகையை மாத்தவே வேண்டாம்," என்றாள் எலி. "வீட்டுப் பேரைத்தான் மாத்தணும்."

"இரு, என் டேப்லயே ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்ப்போம்," என்றான் சோடா.

அவன் டேப்லெட்டின் ஹாட்ஸ்பாட்டுக்குப் பழைய பெயரை வைத்தான். பழைய பாஸ்வேர்டையும் வைத்தான். நீல விளக்கு மினுக்கியது. மினுக்கியது. பிறகு மினுக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்று எரிந்தது.

எலி பாய்ந்து எழுந்தாள். பொத்தானை அழுத்தினாள். ஜாம் பாட்டில் இருட்டாகவே இருந்தது.

"டேப்ல சிம் இல்ல," என்றான் சோடா வருத்தத்தோடு. "பேரு மட்டும்தான் இருக்கு, உள்ள நெட் கிடையாது. வாசல் இருக்கு, வீடு இல்லங்கற மாதிரி." ஹாட்ஸ்பாட்டை அணைத்தான். நீல விளக்கு மறுபடியும் மினுக்க ஆரம்பித்தது.

"உங்க வைஃபை பெட்டியிலேயே பேரை மாத்திடலாமே? எங்கண்ணனுக்கு எப்படின்னு தெரியும்."

எலி தலையாட்டி மறுத்தாள். "அப்பா தெரியாம மாத்தல. வேணும்னேதான் மாத்தியிருக்கார்."

"எதுக்கு?"

எலி யோசித்தாள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் நீலக் குடை ஞாபகம் வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். ஆனா அவர்கிட்டதான் கேட்கணும்."

அன்று அப்பா வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை எலி காத்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டீங்களே?"

"நான் எப்ப பாப்பா கோபப்பட்டேன்?"

அது உண்மைதான். இப்போதெல்லாம் அப்பா கோபப்படுவதில்லை. சிரிப்பதும் இல்லை.

"அந்த டப்பா கெட்டுப்போகல. பழைய வைஃபை பேரைத் தேடுது. அம்மா வச்ச பேரை."

அப்பா அலமாரிப் பக்கம் திரும்பினார். நீல விளக்கை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நான் மாத்தினதாலயா நின்னுபோச்சு?"

"ம்."

"எனக்குத் தெரியாது பாப்பா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்பா."

"அன்னிலேருந்தே தேடுதா?"

"அன்னிலேருந்தே."

அப்பா சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார். "பகல்ல பேக்கரியில ஒண்ணும் தெரியாது. வேலை இருக்கும். படியேறி வாசலுக்கு வந்ததும் போன்ல அந்தப் பேரு வந்து நிக்கும். அவளே சொல்ற மாதிரி இருக்கும். கதவைத் திறந்தா அவ இருக்க மாட்டா. தினமும். அதான் மாத்திட்டேன்."

"நானும் கதவைத் திறந்ததும் நின்னு கேட்பேன்பா."

"என்ன கேட்பே?"

"ஒண்ணும் கேட்காது. ஃபிரிட்ஜ்தான்."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் எத்தனை சின்னவள் என்பதே அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல் இருந்தது அவர் பார்வை.

"கஷ்டமா இருந்தா மாத்த வேண்டாம்பா," என்றாள் எலி. "அட்டைப்பெட்டிக்குள்ள மட்டும் வச்சிடாதீங்க. அதுபாட்டுக்குத் தேடிக்கிட்டே இருக்கட்டும்."

அப்பா எழுந்தார். இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார்.

காலையில் எலி எழுந்தபோது அப்பா கிளம்பிப் போயிருந்தார். நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

பள்ளியில் டீச்சர் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார். "இதை அம்மாகிட்ட காட்டி..." என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தவர், எலியிடம் வந்ததும், "வீட்ல காட்டும்மா," என்றார். எலி சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். புது அடுப்பு இந்நேரம் வந்திருக்கும். தட்டைப் பெயர்த்திருப்பார்கள். விளக்கு அப்பாவின் பைக்குள் போயிருக்கும்.

பள்ளி விட்டதும் மெதுவாகவே நடந்தாள். மெதுவாகவே படியேறினாள். பூட்டைத் திறந்து, வாசலில் நின்று, கேட்டாள்.

ஃபிரிட்ஜ். குழாய்.

அலமாரியைப் பார்த்தாள். நீல விளக்கு மினுக்கவில்லை.

முதலில் அணைந்துவிட்டது என்றே நினைத்தாள். கிட்டே போனாள். அணையவில்லை. அடங்கி, அசையாமல், நின்று எரிந்துகொண்டிருந்தது.

எலியின் விரல் பொத்தான் மேல் நின்றது. இந்த விளக்கு தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் இருந்த விளக்கு? அதைக் கழற்றாமல் வைத்திருப்பாரா?

அழுத்தினாள்.

ஒன்றும் இல்லை.

பையை இறக்கினாள். ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து, ஓரத்தைக் கொறித்தாள். ஒரு பக்கம் முடிந்தது. இன்னொரு பக்கம் முடிந்தது. ஜாம் பாட்டில் ஜாம் பாட்டிலாகவே இருந்தது. நான்கு ஓரமும் தீர்ந்து, வேறு வழியில்லாமல் நடுப்பகுதியைக் கடித்தபோது பாட்டில் எரிந்தது.

மஞ்சளாக, வெதுவெதுப்பாக எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி. மறுபடி. பேக்கரியில் ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார்.

எலி வாயில் ரொட்டியோடு சிரித்தாள். கூடவே கண்ணீரும் வந்தது. இரண்டையும் அவள் தடுக்கவில்லை.

கீழேயிருந்து சோடாவின் குரல் கேட்டது. "ஏய் எலி, உங்க வீட்டு வைஃபை மறுபடியும் எங்கம்மாவைக் கை கழுவச் சொல்லுது. கழுவிட்டுத்தான் சமைக்கறேன், இவங்க யாரு கேட்கன்னு சண்டைக்கு நிக்கறாங்க."

இருட்டுவதற்கு முன் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அப்பாவின் காலடி. அது வாசலுக்கு வந்து நின்றது. உள்ளே வரவில்லை. போன் 'டிங்' என்றது.

அப்பா இப்போது எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எலிக்குத் தெரிந்தது. அவர் கதவில் கை வைப்பதற்கு முன்னால் ஓடிப்போய் அவளே திறந்தாள்.

அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. திறந்த கதவையும் அதில் நின்ற மகளையும் பார்த்தார்.

"ஏம்பா இவ்வளவு லேட்டா பதில் சொன்னீங்க?" என்றாள் எலி.

"தட்டைப் பெயர்த்துட்டாங்க. விளக்கைக் கழட்டிக் கையில வச்சிருந்தேன். பைக்குள்ள போட மனசு வரல," என்றார் அப்பா. "கல்லாவுக்குப் பக்கத்துல மாட்டிட்டு, போன்லயே வீட்டு வைஃபை பேரைப் பழையபடி மாத்தினேன். நீ அழுத்தினதும் குப்புனு எரிஞ்சுது. முதலாளி அதை மறந்தே போயிட்டார். தீப்பிடிச்சிடுச்சுன்னு தண்ணி வாளியைத் தூக்கிட்டு வந்துட்டார். அவர் ஊத்தாம நான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதான் லேட்டு."

எலிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அப்பாவின் உதடும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்பா என்று அவருக்கே சந்தேகமாக இருந்திருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். போனை மேசைமேல் வைத்தார். வைத்த பிறகு திரையை இன்னொரு முறை பார்த்தார். அதில் இருந்த பெயரைப் படித்தார்.

"சரி, சரி," என்று அதனிடம் சொன்னார். "இதோ போறேன்."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எலி துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.